வந்தவர் வினவும் வினா

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சிறிய காலம் அன்று. தமிழகத்தில் தோன்றிய வட்டங்களுள் முதலாண்டு விழாவைக் கொண்டாடியதோடு நின்றுபோனவை மிகப் பல. இங்குத் திங்கள் தவறாமல் கூட்டம் நடந்திருக்கின்றது. ஆண்டறிக்கையில் கூட்டங்களின் எண்ணிக்கையும், பேசினோர் பெயர்களும், வெளிவந்த நூல்களும் முறையாகப் பதியப்பட்டுள்ளன. ஆனால் எந்த ஆண்டறிக்கையிலும் பதியப்படாத கணக்கு ஒன்று உண்டு. ஒருமுறை வந்து, பின் வாராதவர்களின் கணக்கே அது.

அவர் பெரும்பாலும் கடைசி வரிசையில் அமர்கின்றார். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் இருக்கின்றது. இரண்டாம் ஷிப்ட் வேலைக்குச் செல்ல வேண்டியவராயின் கடிகாரத்தை அடிக்கடி பார்க்கின்றார். கூட்டத்தின் நடுவில் துணிந்து எழுந்து, "எதுகை இல்லாமல் எழுதினால் அது கவிதை ஆகுமா?" என்று கேட்கின்றார். முன்வரிசையில் மெல்லிய சிரிப்பு எழுகின்றது. பத்தாண்டுகளில் பலமுறை கேட்கப்பட்ட கேள்வி அது. யாரோ ஒருவர், "முதலில் காரிகையைப் படித்துவிட்டு வாருங்கள்" என்கின்றார். அடுத்த திங்கள் கடைசி வரிசையில் அந்த நாற்காலி வெறுமையாக இருக்கின்றது. அதை யாரும் கவனிப்பதில்லை. கவிதை வாசிப்பு வழக்கம்போல் நடைபெறுகின்றது.

இது இவ்வட்டத்தின் குறை மட்டும் அன்று. பழகியவர் கூடும் அவை எல்லாவற்றிற்கும் நேர்வது. எனினும் விம்கோ நகரில் இது நேர்வது சற்றே வியப்பிற்குரியது. இவ்வூர்ப் பெயரே ஒரு தொழிற்சாலையின் பெயர். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் முதலெழுத்துகளே விம்கோ ஆயின. தீப்பெட்டி ஆலையைத் தொடர்ந்து எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என ஆலைகள் அமைந்தன. வெளியூர்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களால் இப்பகுதி நிரம்பியது. இன்று 'எங்கள் ஊர்' என்று உரிமையோடு பேசுவோருள் பலரின் தந்தையோ பாட்டனோ தகரப் பெட்டியோடு இரயிலை விட்டு இறங்கி, வழி கேட்டு நின்றவரே. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. வழி கேட்போர் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றனர்.

திருவொற்றியூர் இதற்கு முன்னரும் வந்தவரை ஏற்ற ஊர்தான். கி.பி. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்து மாண்டான். அவனுடைய உற்ற தோழனாக இருந்த வல்லபன் என்னும் கேரளத்தான் அவனோடு சேர்ந்து இறக்க இயலாமற் போனமைக்கு நாணி, கங்கையில் நீராடி, திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டான். சதுரானன பண்டிதன் என்னும் பெயரோடு இவ்வூர் மடத்தின் தலைவனானான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலக் கல்வெட்டு ஒற்றியூரில் இதனைச் சொல்லி நிற்கின்றது. அயல்நாட்டான், தோற்ற படையைச் சேர்ந்தவன், தன்மேல் தனக்கே வெறுப்புக் கொண்டவன். அத்தகையவனை ஏற்று, பின்னர் மடத்தையே அவன் பொறுப்பில் விட்டது இவ்வூர்.

புதியவரை வழிப்படுத்துவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்டது தமிழ். ஆற்றுப்படை அது. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனிடம் தான் பெற்ற வளத்தைச் சொல்லி, இன்ன வழியிற் சென்று இன்னவனைக் காண்க என்று விடுக்கின்றான். தொல்காப்பியரும் புறத்திணையியலில் இதனை வரையறுத்துள்ளார். பத்துப்பாட்டில் செம்பாதி, அஃதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படையே. முருகாற்றுப்படை அருளுக்கு வழி சொல்வது. ஏனைய நான்கும் சோற்றுக்கும் பரிசிலுக்கும் வழி சொல்வன. வழி சொல்பவன் அரசனோ அமைச்சனோ அல்லன். நேற்றுவரை தானும் பசித்திருந்த ஒரு பாணன் அல்லது கூத்தன். புதியவருக்கு விடை சொல்லத் தகுதி யாருக்கு உண்டு என்று ஐயுறுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். பேரறிஞர் வரவேண்டும் என்பதில்லை. அண்மையில் அவ்வழியே நடந்தவர் போதும்.

அவ்வைந்தனுள் மலைபடுகடாம் தனிச் சிறப்புடையது. பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டில், நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழியின் வளம் மட்டும் கூறப்படவில்லை. இடர்களும் ஒன்றொன்றாகக் கூறப்படுகின்றன. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பாம்பு உறையும் குழிகள் உண்டு, யானையை ஓட்டப் புனங்காவலர் வீசும் கவண்கல் மேலே விழக்கூடும், இரவாயின் குகையில் தங்குக என்றெல்லாம் அந்த முன்னோடி எச்சரிக்கின்றான். 'எல்லாம் நன்றாக இருக்கின்றது, தொடர்ந்து எழுதுங்கள்' என்று தோளில் தட்டி அனுப்புவதை வரவேற்பு என்று கருதும் வழக்கம் இன்று பெருகிவிட்டது. குழி இருக்கும் இடத்தைச் சொல்லாமல் அனுப்புவது ஆற்றுப்படை ஆகாது.

புறநானூற்றில் மூன்று நிகழ்ச்சிகள் இப்பொருளுக்கு நேராக அமைந்தவை. மோசிகீரனார் சேரமான் அரண்மனைக்கு வந்தபோது முரசுகட்டில் வெறுமையாக இருந்தது. முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தனர். கட்டிலின் பெருமை அறியாத புலவர், நடந்த களைப்பில் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார். அது வாளால் வெட்டத்தக்க குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ அவர் விழிக்கும்வரை விசிறி கொண்டு வீசினான். இவ்வரசனின் கொடையைப் புகழ்வோர் பலர். அவன் செய்த நுண்ணிய வேறுபாட்டை எண்ணுவோர் சிலரே. வேண்டுமென்றே மரபை அவமதித்தவன் வேறு, மரபு இன்னதென அறியாமல் அதன்மேல் படுத்தவன் வேறு என்று அவன் பிரித்தறிந்தான். எதுகையைப் பற்றிக் கேட்டவரும் முரசுகட்டிலில் உறங்கியவரே.

இரண்டாவது நிகழ்ச்சி அத்துணை இனியது அன்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அவ்விடத்தில் கோவூர்கிழார் இருந்தார். புலவர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு அறியாதது என்பதை எடுத்துரைத்து அவரைக் காத்தார். அவையில் செல்வாக்குடைய மூத்தவர் ஒருவர் வாய் திறந்ததால் ஓர் உயிர் பிழைத்தது. இளந்தத்தன் எத்தகைய புலவர் என்று கோவூர்கிழார் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. முதலில் உயிரைக் காத்தார். இலக்கியக் கூட்டங்களில் கழுத்துக்கு வாள் வருவதில்லை என்பது உண்மையே. ஆயினும் 'இவர் எந்த அணியைச் சேர்ந்தவர், யார் அனுப்பி வந்தவர்' என்னும் ஐயம் எழுவதுண்டு. மரபுக் கவிஞர் கூட்டத்திற்குப் புதுக்கவிதையோடு வந்தவரும், புதுக்கவிதையாளர் நடுவே வெண்பாவோடு வந்தவரும் அந்த ஐயத்தை அறிவர்.

மூன்றாவது, பெருஞ்சித்திரனார் பற்றியது. மலைகள் கடந்து வந்த அவரை அதியமான் நெடுமான் அஞ்சி நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. முகம் பாராது தந்த பொருளைப் பெறுதற்குத் தாம் வாணிக நோக்குடைய பரிசிலர் அல்லர் என்று மறுத்தார். தம் தகுதியை அறிந்து தந்தால் தினையளவேனும் இனிது என்பதே அவர் கருத்து. அதியமான் கஞ்சன் அல்லன், கொடுத்தான். ஆனால் முகம் கொடுக்கவில்லை. இவ்வட்டத்தில் புதியவருக்குக் கைநிறைய நூற்பட்டியல் கொடுக்கும் அன்பர்கள் உளர். அவர் கொண்டுவந்த தாளைப் பிரித்துப் படிக்கும் அன்பர்கள் குறைவு.

இனி வினாவும் விடையும் பற்றிய இலக்கணம். இதனைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கனுக்கு அடங்கிய சிற்றரசன். அதே சோழன் காலத்தில் திருவொற்றியூர்க் கோயிலில் பாணினியின் வியாகரணம் சொல்வதற்கென மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆக, பவணந்தியார் வினாவுக்கும் விடைக்கும் இலக்கணம் வகுத்த நாளில், இங்கிருந்து கூப்பிடு தொலைவில் மாணாக்கர் அமர்ந்து இலக்கணம் வினவிக்கொண்டிருந்தனர்.

நன்னூலார் வினாவை ஆறு என்றார். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்பன அவை. விடையை எட்டு என்றார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட பட்டியல்தான். ஆனால் எதுகையைப் பற்றிக் கேட்டவருக்கு மூத்தவர்கள் தரும் விடைகளை இதனோடு ஒட்டிப் பார்த்தால் பவணந்தியார் இவ்வட்டத்தின் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தாரோ என்று தோன்றும். "காரிகையைப் படித்து வாருங்கள்" என்பது ஏவல் விடை. "இதுவரை யாரையெல்லாம் படித்திருக்கிறீர்கள்?" என்பது வினாதல். "இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத் தலை வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். "இதைத் தொடங்கினால் கூட்டம் முடியாது, தலைவலிதான் வரும்" என்பது உறுவது கூறல். "எதுகை கிடக்கட்டும், வானம்பாடி இயக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்" என்பது இனமொழி.

இவ்வைந்தும் விடையே என்று நன்னூல் ஒப்புக்கொள்கின்றது. எப்படி? 'இது செய்வாயா?' என்றவனிடம் 'கை வலிக்கிறது' என்றால், செய்யமாட்டான் என்பதைக் கேட்டவன் உய்த்துணர்ந்து கொள்வான். நேர் விடையைக் குறிப்பால் தருவதனாலேயே அவை விடையாகின்றன. பழகியவர்க்குள் இது செல்லும். புதியவரோ உய்த்துணர்வதற்கு வேண்டிய பொருளே இல்லாமையால்தான் வினவ வந்தார். காரிகையைப் படி என்றால், எதுகை கட்டாயம் என்று பொருளா, கட்டாயம் இல்லை என்று பொருளா? அவரால் அறிய இயலாது. எனவே அவரைப் பொறுத்தமட்டில் சுட்டு, மறை, நேர் என்னும் முதல் மூன்று செவ்விய விடைகளே விடை. ஏனைய ஐந்தும் ஓசை. "ஆகும். அகவற்பாவில் எதுகை அமையாத அடிகளும் உண்டு, புதுக்கவிதை எதுகையைக் கட்டாயமாகக் கொள்வதில்லை, எதுகை எதற்கு உதவுகிறது என்பதைக் காரிகையில் காணலாம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். காரிகையைச் சொல்லவே கூடாது என்பதன்று; விடை முன்னும் நூல் பின்னும் வரவேண்டும்.

வினா வகையையும் மூத்தவர்கள் தவறாக மதிப்பிடுகின்றனர். புதியவர் கேட்பதெல்லாம் அறியா வினா என்று கொள்கின்றனர். மடித்த தாளோடு வந்தவர் எதுகையைப் பற்றிக் கேட்டது பெரும்பாலும் ஐய வினா. தாம் எழுதியதில் எதுகை இல்லை. அதைப் படிக்கலாமா கூடாதா என்பதே அவர் உள்ளத்தில் இருந்தது. அதனை உணர்ந்த ஒருவர், "என்ன எழுதியிருக்கிறீர்கள், படியுங்கள்" என்றிருந்தால் அதுவே தக்க விடையாக இருந்திருக்கும்.

நன்னூலின் பாயிரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடை மாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் உவமைகளைச் சொல்லி நகைப்பது புலவர் கூட்டங்களில் வழக்கம். அதே பாயிரம் ஆசிரியர் ஆகாதாருக்கும் நான்கு உவமை சொல்லியிருப்பதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. உள்ளே இட்ட கழற்காய்களை முறையின்றி உதிர்க்கும் கழற்பெய்குடம்; தன்மேல் ஏறிப் பறிக்க விடாது, தானாக விழும்போது மட்டும் பழம் தரும் மடற்பனை; அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே வெளிவிடும் பருத்திக் குண்டிகை; நீர் ஊற்றியவன் இருக்க வேலிக்கு அப்பால் இருப்பவனுக்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. முன்வரிசையில் இருப்போர் தத்தமக்குரிய மரத்தையும் குடத்தையும் இன்றிரவு அமைதியாகத் தேர்ந்துகொள்ளலாம். வெளியூர் விழாக்களில் மணிக்கணக்காகப் பேசிவிட்டுச் சொந்த வட்டத்தில் ஒரு வினாவுக்கு நின்று விடை சொல்லாத முடத்தெங்குகள் இப்பகுதியிலும் ஒன்றிரண்டு உண்டு.

அப்பாயிரத்தின் மற்றொரு செய்தி இன்னும் கூரியது. ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால்பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் மட்டுமே நிரம்பும். இதன்படி, புதியவருக்கு விடை சொல்ல மறுக்கும் மூத்த உறுப்பினர் அரைப் புலமையோடு நின்றுவிடுகின்றார். பத்தாண்டுகளாக ஒருவருக்கொருவர் மட்டுமே பேசிக்கொள்ளும் வட்டமும் அவ்வாறே. எதுகை ஏன் என்று விளக்கப் புகுந்த பிறகே, அது தமக்கும் தெளிவாகத் தெரியவில்லை என்பதைப் பலர் உணர்ந்திருப்பர்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் வந்து சேர்ந்தது 1871இல். அவர்க்கு அப்போது பதினாறு வயது. தந்தையார் வேங்கடசுப்பையர் மாயூரத்திற்கு அழைத்து வந்திருந்தார். பிள்ளை உடனே மகிழ்ந்து ஏற்கவில்லை. படிக்க வருவோர் பலர், சிலகாலம் இருந்துவிட்டுச் சொல்லாமலே போய்விடுகின்றனர் என்று தயங்கினார். மூத்தவர்களின் அலுப்பு இன்று தோன்றியதன்று என்பதற்கு இதுவே சான்று. பின்னர் ஏற்றுக்கொண்டபோதும், தொடக்கத்தில் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கரிடம் பாடங் கேட்கச் செய்தார். மூத்த மாணாக்கர் புதிய மாணாக்கருக்கு வாயிலாக நிற்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனாலும் இளைஞரின் உள்ளம் அமைதியுறவில்லை. ஆசிரியர் வாய்ச்சொல்லையே வேண்டியது.

பிள்ளைக்குச் செடிகொடிகளில் பெருவிருப்பம். விடியற்காலையில் தோட்டத்தில் உலவி எங்கெங்கே புதுத்தளிர் விட்டிருக்கின்றது என்று பார்ப்பார். சாமிநாதையர் அவருக்கு முன்னரே எழுந்து தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு காட்டத் தொடங்கினார். அதனால் ஆசிரியர் கண்ணில் பட்டார், பேச்சு வளர்ந்தது, நேரே பாடங் கேட்கும் விருப்பத்தையும் சொல்ல முடிந்தது. 'என் சரித்திர'த்தில் இப்பகுதியைப் படித்தோர் அந்த இளைஞரின் சூழ்ச்சியை நினைத்துப் புன்னகை செய்வர். அதன் பின்னால் இருந்த ஏக்கமும் நினைக்கத்தக்கது. அவ்வளவு கூர்மையும் விடாப்பிடியும் உடைய ஒருவர்க்கே ஆசிரியரை நெருங்க இலைத்தளிர் தேட வேண்டியிருந்தது. அவ்வாறு தேடத் தெரியாமல் திரும்பிச் சென்றோர் எத்தனை பேரோ.

அவரே 1880 அக்டோபர் 21இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். கல்லூரித் தமிழாசிரியர் அவர். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளுமாகக் கற்றவற்றை அடுக்கினார். முன்சீபான முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். இல்லை. ஒப்புக்கொண்டார், பிரதியைப் பெற்றுக்கொண்டார், சமண சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணராகிய சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் சென்று புதியவராய் நின்று கேட்டார். அவர்கள் 'சைவராகிய உமக்கு இது எதற்கு' என்று கேட்டிருந்தால் 1887இல் சீவக சிந்தாமணி அந்த வடிவில் வெளிவந்திராது.

இவ்வூரோடு நெருங்கிய நிகழ்ச்சி இன்னொன்று. சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்து ஒற்றியூருக்கு நாள்தோறும் நடந்து வந்து வழிபட்ட இராமலிங்க அடிகளிடம், 1849இல் தொழுவூர் வேலாயுத முதலியார் மாணாக்கராகச் சேர வந்தார். அடிகளின் புலமையை ஆராயக் கருதி, சங்கச் செய்யுள் போலத் தாமே சில பாடல்களை இயற்றி, அவை சங்கப் பாடல்கள் என்று சொல்லி அவர்முன் வைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. சங்கப் புலவர் பாட்டில் இத்தகைய பிழை இராது, இது முதிராத யாரோ எழுதியது என்று அடிகள் கூறிவிட்டார். பிழையை மறைக்கவில்லை. ஆனால் சோதிக்க வந்தவரைத் துரத்தவும் இல்லை, மாணாக்கராக ஏற்றுக்கொண்டார். 1867இல் திருவருட்பா அச்சேறியபோது அதனைத் திருமுறைகளாக வகுத்துத் தந்தவர் அந்த வேலாயுத முதலியாரே. ஒற்றியூர்ப் பதிகங்களை இன்று நூலில் படிப்போர், அன்று குறும்பாக வந்த புதியவருக்கும் கடமைப்பட்டவர்.

அண்மைக் காலத்தில் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் இதே பணியை அஞ்சல் வழியாகச் செய்தது. திருகோணமலையிலிருந்து எழுதிய இருபது வயதளவிலான தருமு சிவராமுவும், வடநாட்டில் பணியாற்றிய வெங்கட் சாமிநாதனும் அவ்விதழில்தான் எழுதத் தொடங்கினர். 1962இல் வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் இருபத்து நான்கு கவிஞர்களைச் சேர்த்தார். செல்லப்பாவின் கவிதைக் கொள்கையை ஏற்காதவர் இவ்வவையிலேயே பலர் இருக்கலாம். புதியவர் தாளை அவர் படித்தார் என்பதை மறுப்பார் இலர்.

இவற்றையெல்லாம் சொன்னபின் இவ்வட்டம் செய்யக்கூடியது சிறிதே. கவிதை வாசிப்பில் மூத்தவர் முதலும் புதியவர் இறுதியுமாக இருக்கும் வரிசையை மாற்றலாம். இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டியவர் இறுதிவரை காத்திருக்க இயலாது. அவர் தந்த தாளை ஒருவர் வாங்கிச் சென்று, பிழை உள்ள இடத்தில் பென்சிலால் குறித்து, நன்றாக அமைந்த ஒரு வரியின் கீழும் கோடிட்டு, அடுத்த கூட்டத்திற்கு முன்பே திருப்பித் தரலாம். ஒரே வினா மீண்டும் மீண்டும் வருகிறதென்றால், அதற்குரிய செவ்விய விடையை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதும் தவறன்று. ஆனால் அந்தத் தாளை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதியமான் செய்ததே ஆகும். எல்லார்க்கும் எல்லா வினாவுக்கும் விடை சொல்ல இயலாதுதான். படிக்கவே விருப்பமின்றி அரங்கு மட்டும் தேடி வருவோரும் உண்டு. அவர்களை இரண்டு மூன்று கூட்டங்களில் அடையாளம் காணலாம். முதற் கூட்டத்திலேயே கண்டுவிட்டதாகக் கருதுவதில்தான் பிழை நேர்கின்றது.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு விருந்தளித்துப் பரிசில் தந்தபின், அவன் விடைபெறும்போது காலால் நடந்து ஏழடி பின் சென்று வழியனுப்புகின்றான். கூட்டம் முடிந்தபின் இங்குப் பழகியவர்கள் வாயிலருகே வட்டமாக நின்று நெடுநேரம் பேசுகின்றனர். புதியவர் அவ்வட்டத்தைச் சுற்றிக்கொண்டு தனியே இரயில் நிலையத்திற்கு நடக்கின்றார். யாரேனும் ஒருவர் அவரோடு விம்கோ நகர் நிலையம் வரை நடந்தால், அவையில் கேட்கக் கூசிய வினாவை அவர் நடைமேடையில் கேட்பார்.